ஜாங்கோ குக்கியை அனுப்புகிறது, பிரவுசர் வாங்க மறுக்கிறது: லோக்கலில் ஓடுவது சர்வரில் ஓடவில்லை

நூலகப்பூனை
(இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு சின்ன வாடகை நூலகத்துக்கு வலைச் செயலி செய்துகொண்டிருக்கிறேன். பின்னால் சர்வரில் ஜாங்கோ 5.2 (பைதான் ஃப்ரேம்வொர்க்), முன்னால் பிரவுசரில் ரியாக்ட். மேலே ஒரு பொத்தான் இருக்கும். தமிழா ஆங்கிலமா என்று வாசகர் தேர்ந்தெடுக்கலாம். நூல் வகைகளின் பெயர்களும் பிழைச் செய்திகளும் ஜாங்கோவிலிருந்துதான் வருகின்றன, அதனால் இந்தத் தேர்வு சர்வருக்குத் தெரிய வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்களும் பார்க்கிற பக்கம் என்பதால் டேட்டாபேஸில் வைக்க வழியில்லை. பிரவுசர் சேமித்து ஒவ்வொரு ரெக்வெஸ்டோடும் சர்வருக்குத் திருப்பி அனுப்பும் சின்னக் குறிப்பு, அதாவது குக்கிதான் என்று முடிவு செய்தேன்.

வியூவில் (ரெக்வெஸ்டுக்குப் பதில் தயாரிக்கும் ஃபங்ஷன்) செட்_குக்கி வரியில் பெயர், மதிப்பு, மேக்ஸ்_ஏஜ் 31536000 (ஒரு வருடம், வினாடிக் கணக்கில்), டொமைன், செக்யூர் (எச்டிடிபிஎஸில் மட்டும் அனுப்பு), எச்டிடிபி-ஒன்லி (ஜாவாஸ்கிரிப்ட் படிக்கக் கூடாது) எல்லாம் கொடுத்திருக்கிறேன். லோக்கலில் ரியாக்ட் 3000 போர்ட்டிலும் ஜாங்கோ 8000 போர்ட்டிலும் ஓடுகின்றன, பிரச்சினையே இல்லை. இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் அடுத்த ரெக்வெஸ்டில் குக்கி வருவதில்லை. பிழை எதுவும் இல்லை, 200தான் வருகிறது. லாகின் பகுதியை இன்னும் ஏற்றவில்லை. இதுவே ஓடாதபோது அதைத் தொடப் பயமாக இருக்கிறது. எங்கே தேடுவது?

இடைவெளி4

முதலில் வழக்கமான சந்தேகம். குக்கியை எந்த ரெஸ்பான்ஸ் மேல் வைத்தீர்களோ அதையேதான் திருப்பி அனுப்புகிறீர்களா? மேலே ஒரு ரெஸ்பான்ஸை உருவாக்கி அதில் செட்_குக்கி போட்டுவிட்டு, கடைசி வரியில் புதிதாக ஒரு ரெண்டரையோ ரீடைரக்டையோ ரிட்டர்ன் செய்யும் கோடைப் பல முறை பார்த்திருக்கிறேன். குக்கி முதல் பொருளோடு போய்விடும், பிரவுசருக்குப் போவது இரண்டாவது.

இன்னொன்று: குக்கி வைத்த அதே வியூவுக்குள் ரெக்வெஸ்ட்.குக்கீஸில் அதைத் தேடினால் கிடைக்காது. அது பிரவுசர் கொண்டுவந்த பட்டியல். நாம் இப்போது கொடுப்பது அடுத்த முறைதான் அதில் தெரியும்.

நூலகப்பூனை

இரண்டும் இல்லை. ஒரே ரெஸ்பான்ஸ்தான். ரியாக்டிலிருந்து அழைக்கும் ஃபெட்சில், குக்கியையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் கிரெடென்ஷியல்ஸ் இன்க்ளூட் இருக்கிறது. கார்ஸ் (வேறு முகவரியில் உள்ள பக்கம் நம் பதிலைப் படிக்க அனுமதிக்கும் ஏற்பாடு) ஹெடர்களுக்கான பேக்கேஜைப் போட்டு, கிரெடென்ஷியல்ஸை அனுமதித்து, முன்பக்க முகவரியைப் பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நட்சத்திரக் குறி போடவில்லை.

மடிக்கணினி_மாமா

தம்பி, சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் மாதிரி இடைச் சர்வர் ஏதாவது இருக்கும், எச்டிடிபிஎஸ் அதோடு முடிந்துவிடும். ஜாங்கோவுக்கு வருவது வெறும் எச்டிடிபி. அதனால்தான் செக்யூர் குக்கி போகவில்லை. செக்யூர்_ப்ராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர் என்று ஒரு செட்டிங் உண்டு, அதைப் போடுங்கள், சரியாகிவிடும்.

இடைவெளி4

மாமா, ஜாவாஸ்கிரிப்டின் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கில் அது சரி. அங்கே எக்ஸ்பிரஸ்-செஷன் மிடில்வேரில் செக்யூர் என்று வைத்துவிட்டு ட்ரஸ்ட் ப்ராக்ஸி கொடுக்காவிட்டால், இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று நினைத்து அது குக்கியை அனுப்பவே அனுப்பாது. ஜாங்கோ அப்படிச் செய்வதில்லை. செக்யூர்=ட்ரூ என்றால் ஹெடரின் கடைசியில் அந்தச் சொல்லை ஒட்டுகிறது, அவ்வளவுதான்; இணைப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்பதே இல்லை. நீங்கள் சொல்லும் செட்டிங் ரீடைரக்டுக்கும் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் வாசகர் பெயரில் ரெக்வெஸ்ட் அனுப்பும் மோசடி) சோதனைக்கும் அவசியம். குக்கி காணாமல் போவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பூனை, ஊகிப்பதை நிறுத்துவோம். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து, மொழியை மாற்றும் அந்த ரெக்வெஸ்டைச் சொடுக்கி, ரெஸ்பான்ஸ் ஹெடர்களில் செட்-குக்கி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஜாங்கோவின் வேலை முடிந்தது. அதற்கு மேல் பைதான் கோடில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. செட்_குக்கி என்ற பெயரைப் பார்த்து சர்வர் குக்கியை வைக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். சர்வர் ஒரு வரி எழுதி அனுப்புகிறது. வைப்பதா தூக்கிப் போடுவதா என்பது பிரவுசரின் முடிவு. அது மறுத்தாலும் சர்வருக்குத் தகவல் வராது. உங்களுக்கு 200 வருவதும் அதனால்தான்.

குரோமில் மறுக்கப்பட்ட குக்கி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் இருக்கும். அதன் மேல் மவுஸை வைத்தால் காரணம் ஒரு வாக்கியத்தில் வரும். அந்த வாக்கியத்தை இங்கே எழுதுங்கள்.

நூலகப்பூனை

முக்கோணம் இருக்கிறது! வரி வந்திருக்கிறது, ஆனால் தடுக்கப்பட்டிருக்கிறது. டொமைன் ஆட்ரிபியூட் செல்லாது என்கிறது. நான் கொடுத்திருந்த டொமைன் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பொது முகவரி. முன்பக்கம் அதன் கீழ் ஒரு துணைப்பெயரிலும் ஜாங்கோ இன்னொரு துணைப்பெயரிலும் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று மேலே உள்ள முகவரியைக் கொடுத்தேன். லோக்கல் செட்டிங்கில் டொமைன் இல்லை.

செமிகோலன்

பிடிபட்டது. பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. மொஸில்லாவில் தொடங்கிய பட்டியல். இன்று எல்லாப் பெரிய பிரவுசர்களும் அதைத்தான் பார்க்கின்றன. எந்த முகவரிக்குக் கீழே வெவ்வேறு ஆட்கள் தனித்தனிப் பெயர் வாங்கலாமோ, அவையெல்லாம் அதில் இருக்கும். டாட் காம், டாட் இன் மட்டுமல்ல, கோ.இன், கவ்.இன், கிட்ஹப்.ஐஓ எல்லாமே. அப்படிப்பட்ட முகவரிக்கு யாரும் குக்கி வைக்க முடியாது. வைக்க விட்டால் கோ.இன் என்று ஒரு குக்கி வைத்து, அதன் கீழே இருக்கிற அத்தனை கடைகளின் தளங்களுக்கும் அதை அனுப்ப வைக்கலாமே.

உங்கள் ஹோஸ்டிங் நிறுவனமும் தன் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கும். நியாயமான காரியம்தான். அதே முகவரிக்குக் கீழே முன்பின் தெரியாத ஆயிரம் பேர் செயலி வைத்திருப்பார்கள், உங்கள் குக்கி அவர்களுக்கெல்லாம் போக வேண்டுமா?

டொமைனை எடுத்துவிடுங்கள். டொமைன் கொடுக்காவிட்டால் குக்கி அனுப்பிய ஹோஸ்டுக்கு மட்டுமே திரும்பப் போகும், துணைப்பெயர்களுக்குப் போகாது. பொதுவாகவே டொமைனைக் கொடுக்காமல் விடுவதுதான் இறுக்கமான ஏற்பாடு. பலரும் கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர்.

நூலகப்பூனை

எடுத்துவிட்டேன். இப்போது முக்கோணம் வேறு காரணம் சொல்கிறது. சேம்சைட் குறிப்பிடப்படவில்லை, அதனால் லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, இது வேறு தளத்திலிருந்து வந்த ரெஸ்பான்ஸ், அதனால் தடுக்கப்பட்டது என்று. வேறு தளமா? இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ்தானே இருக்கின்றன. லோக்கலில் போர்ட்டே வேறு, அங்கே ஓடியதே?

செமிகோலன்

சேம்சைட் என்பது வேறு தளத்திலிருந்து போகும் ரெக்வெஸ்டில் குக்கி சேரலாமா என்று சொல்லும் ஆட்ரிபியூட். லாக்ஸ் என்றால் இணைப்பைச் சொடுக்கி வரும்போது மட்டும் சேரும், நன் (None) என்றால் எப்போதும் சேரும். குக்கிக்குப் போர்ட் ஒரு பொருட்டே இல்லை. லோக்கல்ஹோஸ்ட் 3000ம் லோக்கல்ஹோஸ்ட் 8000ம் கார்ஸ் கணக்கில் வேறு ஆரிஜின் (எச்டிடிபியா எச்டிடிபிஎஸா, பெயர், போர்ட் மூன்றும் சேர்ந்தது), சேம்சைட் கணக்கில் ஒரே தளம். அதனால்தான் லோக்கலில் கார்ஸ் தேவைப்பட்டது, சேம்சைட் குறுக்கே வரவில்லை. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். (ஒன்றை 127.0.0.1 என்றும் மற்றதை லோக்கல்ஹோஸ்ட் என்றும் திறந்து பாருங்கள், லோக்கலிலேயே இந்தப் பிழை வரும். அவை வெவ்வேறு தளங்கள்.)

சர்வரில் தளம் என்பது பட்டியலில் உள்ள முகவரியும் அதற்கு முன்னால் வரும் ஒரு பெயரும் சேர்ந்தது. ஹோஸ்டிங் முகவரி பட்டியலில் இருப்பதால் உங்கள் முன்பக்கமும் ஜாங்கோவும் பிரவுசருக்கு அக்கம்பக்கத்து அந்நியர்கள். சொந்த டொமைன் வாங்கி ஏபிஐ என்று ஒரு துணைப்பெயர் வைத்திருந்தால் இரண்டும் ஒரே தளமாகியிருக்கும்.

பழைய_மோடம்

இந்த லாக்ஸ் எப்போது வந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியட்டும். 2020 பிப்ரவரியில் குரோம் 80 வந்தபோது, சேம்சைட் சொல்லாத குக்கியை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அதற்கு முன் எதுவும் சொல்லாவிட்டால் எங்கிருந்து வேண்டுமானாலும் போகும். கொரோனா வந்து, அவசரச் சேவைத் தளங்கள் எதுவும் உடைந்துவிடக் கூடாது என்று ஏப்ரலில் அதைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார்கள், பிறகு ஜூலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த ஆறு மாதம் பேமென்ட் கேட்வே இணைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தவரின் செஷன் காணாமல் போயிருக்கும். கேட்வேயிலிருந்து போஸ்ட் முறையில் திரும்பி வருவதால் லாக்ஸ் குக்கி கூட வராது.

தொடக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவுமே இல்லை. 1994ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தபோது, கடைக் கூடையில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவரின் கணினியிலேயே வைக்க ஒரு வழி வேண்டும் என்பதுதான் கவலை. இன்று நாம் படிக்கிற விதிமுறை ஆர்எஃப்சி 6265, அது 2011ல் வந்தது. இடையில் வந்த இரண்டு ஆர்எஃப்சிகளைப் பிரவுசர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

மடிக்கணினி_மாமா

மோடம் சார் வரலாறு தொடங்கிவிட்டார், இனி பூனைக்கு இன்று பதில் கிடைக்காது. :) தம்பி, சேம்சைட்=நன் போடுங்கள், செக்யூர் ஏற்கனவே இருக்கிறது. வேலை முடிந்தது.

நூலகப்பூனை

போட்டேன் மாமா. அதே முக்கோணம், அதே வாக்கியம். சேம்சைட் குறிப்பிடப்படவில்லை என்கிறது. நான் குறிப்பிட்டிருக்கிறேனே!

இடைவெளி4

மேற்கோள் குறி இல்லாமல் போட்டிருப்பீர்கள். பைதானின் நன் என்றால் ஜாங்கோவுக்கு "சேம்சைட் பற்றி எதுவும் எழுதாதே" என்று பொருள். ஹெடரில் அந்தச் சொல்லே வராது, பிரவுசர் பழையபடி லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால்தான் ஹெடரில் சேம்சைட்=நன் வரும். ஸ்ட்ரிங்கை ஏற்கும் வசதி ஜாங்கோ 3.1ல் வந்தது, அதற்கு முன் இருந்தவர்கள் தனி மிடில்வேர் எழுதிச் சமாளித்தார்கள்.

செஷன் குக்கிக்கும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே வெறுமனே விட்டால் லாக்ஸ். ஹெடரில் எதுவுமே வரக் கூடாது என்றால் ஃபால்ஸ், வெளித்தளத்துக்கும் போக வேண்டும் என்றால் ஸ்ட்ரிங் நன்.

லாரவெல்_ராஜபாட்டை

இதெல்லாம் பிஎச்பியின் லாரவெல் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு கான்ஃபிக் வரி. எங்களுக்கு மிடில்வேரே எல்லாக் குக்கியையும் என்கிரிப்ட் செய்து அனுப்பிவிடும். நீங்கள் ஏன் இன்னும் கையால் செய்கிறீர்கள்?

செமிகோலன்

என்கிரிப்ட் செய்த குக்கியையும் இதே பிரவுசர்தான் மறுக்கும் நண்பரே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஃப்ரேம்வொர்க் மாறும்போது ஆயுள் கணக்கு எல்லாரையும் ஏமாற்றுகிறது. லாரவெலில் குக்கியின் ஆயுள் நிமிடத்தில், ஜாங்கோவிலும் ஃப்ளாஸ்கிலும் வினாடியில், எக்ஸ்பிரஸில் மில்லிவினாடியில். ஜாங்கோவிலிருந்து எக்ஸ்பிரஸுக்குப் போனவர் 3600 என்று எழுதினால், ஒரு மணி நேரம் இருக்க வேண்டிய குக்கி நான்கு வினாடிக்குள் போய்விடும். ஜாங்கோவிலிருந்து லாரவெலுக்குப் போனவர் அதையே எழுதினால் அறுபது மணி நேரம் இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஹெடரில் போகிற மேக்ஸ்-ஏஜ் எப்போதும் வினாடிதான், அதைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நூலகப்பூனை

மேற்கோள் குறி போட்டதும் குரோமில் வந்துவிட்டது! எல்லாருக்கும் நன்றி. இழையை மூடலாம் என்று நினைத்தேன், அதற்குள் நூலகத்தில் ஒருவர் தன் ஐபோனில் பார்த்துவிட்டு மொழி மாறவே இல்லை என்கிறார்.

ஆப்பிள்காரி

மாறாது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து முழுவதும் தடுக்கிறது. சேம்சைட்=நன், செக்யூர் என்று எவ்வளவு ஒழுங்காக எழுதினாலும், பக்கம் ஒரு தளம், குக்கி இன்னொரு தளம் என்றால் அது மூன்றாம் தரப்புதான். ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனில் எல்லாருக்கும் டோட்டல் குக்கி ப்ரொடெக்ஷன் கொடுத்தது. அங்கே குக்கி ஏற்கப்படும், ஆனால் எந்தத் தளத்தில் இருக்கும்போது வந்ததோ அந்தத் தளத்தின் தனிப் பெட்டிக்குள் போய்விடும். குரோமும் தடுக்கப் போகிறது என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள், 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்குத் தடுத்தும் பார்த்தார்கள், அந்த ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆக இன்று உங்கள் குக்கி குரோமில் ஓடுகிறது என்பது குரோம் காட்டும் சலுகை. அதை நம்பிச் செயலி கட்ட வேண்டாம்.

நன் என்று போட்டுத் தப்பிப்பதை நான் தீர்வாகவே எண்ணுவதில்லை. பிற தளங்களுக்குள் ஐஃப்ரேமாக உட்காருகிற விட்ஜெட்டுக்கு அது தேவை. ஒரே செயலியின் இரண்டு பாதிகளுக்கு எதற்கு?

நூலகப்பூனை

அப்படியென்றால் வழி? சொந்த டொமைன் வாங்க நூலகக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் யோசிப்பார்.

செமிகோலன்

மொழிக்கு மட்டும் என்றால் குக்கியே வேண்டாம் என்பேன். தேர்வைப் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஃபெட்சிலும் அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடரில் அனுப்புங்கள். ஜாங்கோவின் லொக்கேல் மிடில்வேர் முதலில் முகவரியின் முன்னொட்டைப் பார்க்கும், அப்புறம் ஜாங்கோ_லாங்குவேஜ் என்ற குக்கி, அதுவும் இல்லாவிட்டால் அந்த ஹெடர், கடைசியாக செட்டிங்ஸில் உள்ள மொழி. தமிழ் ஜாங்கோவோடு வரும் மொழிகளில் ஒன்று. நீங்கள் புதிதாகக் குக்கி பெயர் எதுவும் கண்டுபிடித்திருக்க வேண்டியதே இல்லை.

ஆப்பிள்காரி

லோக்கல் ஸ்டோரேஜுக்கும் சஃபாரி கெடு வைத்திருக்கிறது. சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் அந்தத் தளத்தை ஒருமுறையும் தொடாவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதிவைத்த எல்லாவற்றையும் அழித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வைத்த குக்கியும் 7 நாள்தான். வாடகை நூலகத்துக்கு எத்தனை பேர் வாரம் தவறாமல் வருவார்கள்? சர்வர் ஹெடர் வழியாக முதல் தரப்பாக வைக்கும் குக்கிக்கு அந்தக் கெடு இல்லை. பூனையின் முதல் யோசனை சரியான யோசனைதான், இடம்தான் தவறு.

இடைவெளி4

அதோடு லாகின் வரப் போகிறது. அதற்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்று யாராவது சொல்வதற்கு முன் முந்திக்கொள்கிறேன்.

செமிகோலன்

சொல்லத்தான் வந்தேன். :) ஜேடபிள்யூடி டோக்கனை (யார் என்று சொல்லும், சர்வர் கையெழுத்திட்ட சீட்டு) லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் சேம்சைட் தலைவலி இல்லை, சிஎஸ்ஆர்எஃப் பயமும் இல்லை. டோக்கனை நாமே ஹெடரில் வைத்து அனுப்புகிறோம், பிரவுசர் தானாக எதையும் அனுப்புவதில்லை.

இடைவெளி4

சிஎஸ்ஆர்எஃப் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் ஓடுகிற எந்த ஸ்கிரிப்டும் அதைப் படிக்கலாம். விமர்சனப் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்டைப் புகுத்தினால், அல்லது வெளியார் எழுதிய என்பிஎம் பேக்கேஜ் ஒன்று கெட்டுப்போனால், டோக்கன் அப்படியே வெளியே போய்விடும், அது காலாவதி ஆகும்வரை அவர்கள் கையில்தான். எச்டிடிபி-ஒன்லி குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கவே முடியாது. பக்கத்துக்குள் புகுந்த ஸ்கிரிப்ட் அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை வாசகர் பெயரில் ரெக்வெஸ்ட் அனுப்பலாம், அது உண்மைதான், ஆனால் சாவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2002லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ல் கொண்டுவந்தது, புதிய விஷயம் இல்லை.

ஜாங்கோவின் இயல்பான செஷனில் குக்கிக்குள் இருப்பது 32 எழுத்துச் சாவி மட்டுமே. மற்றதெல்லாம் டேட்டாபேஸில். திருடுபோனது என்று தெரிந்தால் அந்த வரியை அழித்தால் போதும். ஜேடபிள்யூடியில் ரத்து செய்ய நீங்கள் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்தபின் அது செஷனே ஆகிவிடுகிறது.

செமிகோலன்

மொபைல் ஆப் வந்தால்?

இடைவெளி4

வரும்போது அதற்கு டோக்கன் கொடுங்கள். பிரவுசருக்குக் குக்கி.

ஆப்பிள்காரி

பூனைக்கு டொமைன் வாங்காமலே ஒரு வழி. பெரும்பாலான முன்பக்க ஹோஸ்டிங்கில் ரீரைட் வசதி இருக்கும். உங்கள் முன்பக்க முகவரியில் ஏபிஐ என்று தொடங்கும் பாதைகளையெல்லாம் உள்ளுக்குள் ஜாங்கோ முகவரிக்குத் திருப்பச் சொல்லுங்கள். ரீடைரக்ட் இல்லை, ரீரைட்; பிரவுசருக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். அப்போது பிரவுசர் பார்ப்பது ஒரே முகவரி. டொமைன் இல்லாத செட்-குக்கி வரி முன்பக்க ஹோஸ்டின் குக்கியாகவே சேமிக்கப்படும். சேம்சைட் லாக்ஸ் போதும், கார்ஸ் பேக்கேஜையே கழற்றிவிடலாம். சஃபாரிக்கு அது முதல் தரப்பு.

ஒரு இடத்தில் மாட்டுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ரீரைட் செய்யும்போது ஜாங்கோவுக்கு வரும் ஹோஸ்ட் ஹெடர் பின்பக்க முகவரியாக இருக்கலாம், ஆனால் பிரவுசர் அனுப்பும் ஆரிஜின் ஹெடர் முன்பக்க முகவரி. ஜாங்கோ இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று போஸ்ட் ரெக்வெஸ்டுக்கு 403 கொடுக்கும். சிஎஸ்ஆர்எஃப்_ட்ரஸ்டட்_ஆரிஜின்ஸில் முன்பக்க முகவரியைச் சேர்க்க வேண்டும், ஜாங்கோ 4.0 முதல் எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியோடு.

மடிக்கணினி_மாமா

நடுவில் நுழைகிறேன், என் பிரச்சினை பூனையினுடையதற்கு நேர் எதிர். குக்கி போகவே மாட்டேன் என்கிறது. டெலீட்_குக்கி அழைக்கிறேன், அடுத்த பக்கத்தில் மறுபடி வந்து நிற்கிறது.

இடைவெளி4

டெலீட் என்பதும் ஒரு செட்-குக்கிதான் மாமா. அதே பெயரில், ஆயுள் முடிந்த தேதியோடு ஒரு குக்கியை அனுப்புகிறோம், பிரவுசர் பழையதை அதால் மூடிவிட்டு அழிக்கிறது. பெயர், பாத், டொமைன் மூன்றும் பொருந்தினால்தான் அது பழைய குக்கி என்று பிரவுசருக்குத் தெரியும். வைக்கும்போது டொமைன் கொடுத்துவிட்டு அழிக்கும்போது கொடுக்காவிட்டால், இல்லாத ஒன்றை அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

மடிக்கணினி_மாமா

டொமைனை இடையில் ஒருநாள் மாற்றினோம்.

இடைவெளி4

அப்போது பழையவர்களின் பிரவுசரில் ஒரே பெயரில் இரண்டு குக்கிகள் இருக்கும், இரண்டும் சேர்ந்து வரும். ஜாங்கோ பட்டியலில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச காலத்துக்கு இரண்டு டொமைனுக்கும் டெலீட் வரி தேவை, ஆனால் ஒரு சிக்கல்: ரெஸ்பான்ஸின் குக்கிகளை ஜாங்கோ பெயரை வைத்து டிக்‌ஷனரியாக வைத்திருப்பதால், ஒரே பெயருக்கு இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். ஒரு ரெஸ்பான்ஸில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று என்று பிரித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் குக்கியின் பெயரையே மாற்றிவிடுங்கள். நான் பெயரைத்தான் மாற்றுவேன், நிம்மதி.

லாரவெல்_ராஜபாட்டை

ஒரு நிஜமான சந்தேகம். வாசகரின் ஊரையும் குக்கியில் வைக்கலாமா, தமிழில்? "சென்னை" என்று. எங்களுக்கு என்கிரிப்ட் ஆகிவிடுவதால் யோசித்ததே இல்லை.

செமிகோலன்

அப்படியே வைக்காதீர்கள். குக்கி மதிப்பில் ஆஸ்கி எழுத்துகள் மட்டும்தான் விதிப்படி செல்லும். அதிலும் இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்வு கூடாது. பர்சன்ட் என்கோடிங் செய்து வைக்கலாம், ஆனால் தமிழுக்கு அது விலை கூடிய வழி. யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும். "சென்னை" என்பது ஆறு குறியீடுகள், ஆக 54 எழுத்து. ஒரு குக்கிக்குப் பிரவுசர்கள் கொடுக்கும் இடம் 4096 பைட் அளவுதான். ஊருக்கு ஒரு எண் கொடுத்து அந்த எண்ணை வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு ஏபிஐ அழைப்புக்கும் அந்தக் குக்கி கூடவே போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

லாரவெல்_ராஜபாட்டை

சரி, எண். அப்புறம் உறுப்பினரின் தள்ளுபடி வகை?

இடைவெளி4

அது குக்கியில் வேண்டாம். வைத்தே தீர வேண்டும் என்றால் ஜாங்கோவில் செட்_சைன்டு_குக்கி இருக்கிறது, யாராவது திருத்தினால் படிக்கும்போது பேட்சிக்னேச்சர் பிழை வரும். ஆனால் கையெழுத்து போட்டால் திருத்த முடியாது என்று மட்டும்தான் பொருள், எல்லாரும் படிக்கலாம். ஃப்ளாஸ்கின் செஷன் குக்கியும் இதே ரகம். பேஸ்64ஐப் பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதில் ஓடிபியை வைத்திருந்த தளம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

பழைய_மோடம்

செக்யூர் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தது. திறந்த வைஃபையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் செஷன் குக்கிகள் பெயரும் படமுமாக வரிசையாக வந்து நிற்கும். சொடுக்கினால் அவர்களாகவே உள்ளே போய்விடலாம். அப்போது பெரிய தளங்கள்கூட லாகின் பக்கத்தை மட்டும் எச்டிடிபிஎஸில் வைத்துவிட்டு, மீதியை வெறும் எச்டிடிபியில் ஓட்டின. பாஸ்வேர்டைப் பூட்டி வைத்துவிட்டுக் குக்கியை ஒவ்வொரு ரெக்வெஸ்டிலும் திறந்தபடி அனுப்பினார்கள். ஜாங்கோவில் இன்றும் செஷன்_குக்கி_செக்யூர் இயல்பாக ஃபால்ஸ்தான், நீங்கள்தான் மாற்ற வேண்டும். டிப்ளாய் சோதனைக் கட்டளையை ஓட்டினால் அதுவே எச்சரிக்கும்.

நூலகப்பூனை

ரீரைட் வைத்துவிட்டேன். ஆப்பிள்காரி சொன்ன அதே 403 வந்தது, ட்ரஸ்டட் ஆரிஜின்ஸில் சேர்த்ததும் போய்விட்டது. ஐபோனிலும் மொழி நிற்கிறது. இப்போதைய நிலை, பின்னால் தேடி வருபவர்களுக்காக: டொமைன் கொடுக்கவில்லை, பாத் வெறும் சாய்கோடு, செக்யூர் ட்ரூ, சேம்சைட் லாக்ஸ், பெயர் ஜாங்கோ_லாங்குவேஜ், மதிப்பு தமிழின் மொழிக்குறியீடு. செஷன் குக்கிக்கும் செக்யூர் ட்ரூ, எச்டிடிபி-ஒன்லி ஏற்கனவே இயல்பு. கார்ஸ் பேக்கேஜை எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. நூலகக்காரர் ஒரு வருடம் போதாது, பத்து வருடம் வையுங்கள் என்கிறார்.

ஆப்பிள்காரி

எழுதலாம், கிடைக்காது. குரோம் 104லிருந்து எந்தக் குக்கிக்கும் 400 நாள்தான் உச்சம். அதற்கு மேல் எழுதினால் 400ஆகக் குறைத்துக்கொள்ளும். ஒருவர் வரும்போதெல்லாம் அதே குக்கியை மறுபடி அனுப்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மொழியை மாற்றும்போது மட்டும் அனுப்பாமல், முதல் பக்க ஏபிஐயிலும் ஒரு முறை அனுப்புங்கள்.

செமிகோலன்

ஆனால் எல்லா ரெஸ்பான்ஸிலும் அனுப்பிவிடாதீர்கள். முன்னால் சிடிஎன் (பதில்களைப் பிரதி எடுத்து வைத்து அனுப்பும் இடைச் சர்வர்) இருந்தால், செட்-குக்கி உள்ள ரெஸ்பான்ஸைப் பல சிடிஎன்கள் கேஷ் செய்யாது, வேகம் போய்விடும். அதைவிட மோசம், செட்-குக்கியோடு சேர்த்தே கேஷ் செய்யும்படி யாராவது அமைத்திருந்தால் ஒருவரின் குக்கி அடுத்தவருக்குப் போகும். மொழியென்றால் சிரித்துவிட்டுப் போகலாம், செஷன் என்றால் ஒருவர் இன்னொருவரின் கணக்குக்குள் இருப்பார். ஜாங்கோவின் சொந்த கேஷ் மிடில்வேர் இதில் கவனமாக இருக்கிறது: குக்கி இல்லாமல் வந்த ரெக்வெஸ்டுக்குக் குக்கி வைத்து அனுப்பும் ரெஸ்பான்ஸில் வேரி ஹெடரில் (பதில் எதைப் பொறுத்து மாறும் என்று சொல்வது) குக்கி என்று இருந்தால் அதைச் சேமிக்காது. வெளியே இருக்கும் சிடிஎன் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. லாகின் ஏற்றுவதற்கு முன் ஏபிஐ பாதைக்கு கேஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நூலகப்பூனை

பார்த்தேன், ரீரைட் பாதைக்கும் கேஷ் இயல்பாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு லாகின் வேலையைத் தொடங்குகிறேன்.

மடிக்கணினி_மாமா

என் பக்கம் பெயரை மாற்றினேன், போய்விட்டது. லாகினில் மாட்டினால் புது இழை போடுங்கள் தம்பி, இது நீண்டுவிட்டது.